கழுவிக் கொடுத்த வீடு

வாடகை வீட்டைக் காலி செய்கிறவன், கம்பெனி ஆட்களை வரவழைத்து வீட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற சட்டம் அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவிலும் கிடையாது. நாம் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுப்போம், ஓனர் வெள்ளையடித்துக்கொள்வார். எங்களுக்கென்று புதிதாக அந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்கள் வீட்டு ஓனர். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். கடையில் காம்பையும் தூசியையும் வத்தலோடு சேர்த்தே எடை போடுகிற மனிதர், வீடு என்று வந்துவிட்டால் ஒரு தூசி ஆகாது என்பார். அவர் மாடியில், நாங்கள் கீழே. ஒன்பது வருஷம் அப்படி இருந்தோம்.

"சென்னையில மருமகன் வீடு மாத்துனப்ப கம்பெனி ஆளுகதான் வந்து கழுவிக் குடுத்தாக தம்பி. டீப் கிளீனிங்னு பேரு. நீங்களும் அப்படியே குடுத்துருங்க. நீங்க வரும்போது பாத்ரூம் டைல்ஸெல்லாம் கண்ணாடி கணக்கா இருந்துச்சு" என்றார்.

டைல்ஸில் இருந்த வெள்ளைக் கறை அவருடைய போர் தண்ணீர் விட்ட உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நாராகிவிடும். அவர் கொடுத்த உப்பை அவருக்கே சுரண்டிக் கொடுக்க நான் மதுரையிலிருந்து ஆள் கூப்பிட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறேன் என்று படியேறப் போனவனை, என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. நாங்கள் போக நினைத்த வீடு பந்தல்குடி ரோட்டுப் பக்கம், அண்ணாச்சியின் பெரியம்மா மகளுக்குச் சொந்தமானது. அந்த வீட்டு அடுப்படிக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகத் தெரியாது. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வருகிற அன்று தெருமுனைக் குழாயில் வரிசை நின்று பிடித்து, அடுத்த முறை வரைக்கும் வைத்துக் குடிக்க வேண்டும். ஒன்பது வருஷமும் அதை இடுப்பில் சுமந்தவள் அவள். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குடம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் தூக்குகிறேன் என்றால், தண்ணீர் வருகிற நேரமெல்லாம் எனக்கு மில்லில் ஷிப்டு.

புது வீட்டு அம்மாள் எல்லாம் பேசி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "என் தம்பி உங்களப் பத்தி ஒரு வார்த்த நல்லபடியாச் சொல்லிட்டான்னா, அன்னைக்கே வந்து சாவிய வாங்கிக்கிருங்க." இந்த ஊரில் அட்வான்ஸை விடப் பெரிய விஷயம் அது. பழைய ஓனர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராவிட்டால் புது வீட்டுக் கதவு திறக்காது.

"அவுக ஒரு வார்த்த சொல்றதுக்கு, வீட்ட என்ன, தெருவையே கழுவச் சொன்னாலும் கழுவுவோம். நீங்க வாயத் தெறக்காம இருங்க, அது போதும்" என்றாள் மனைவி. சரி என்றேன்.

எங்கள் அடுப்படியிலும் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே அது இருந்தது. ஒரு சொட்டு வராது. குடிவந்த முதல் வாரமே இவள் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். "அது உள்ளுக்குள்ள அடைச்சுப்போச்சும்மா. சுவத்த உடைச்சாத்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டார். சுவரை உடைக்கச் சொல்ல நாம் யார்? அன்றிலிருந்து அந்தக் குழாய் கரித்துணி காயப்போடப் பயன்பட்டது.

மதுரையிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நீலச் சட்டை, கையுறை, மாஸ்க், காலுக்குக்கூடப் பிளாஸ்டிக் பை. அவர்களில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டவர் முதல் வேலையாக எங்கள் கக்கூஸை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். கழுவுவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் இத்தனை போட்டோ எடுக்கவில்லை.

அண்ணாச்சி கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு உத்தரவு போட்டார். "ஆளுகதான் வந்துட்டாகள்ல, அப்படியே மாடிப்படிக்குக் கீழயும் கிளீன் பண்ணிரச் சொல்லுங்க தம்பி." மாடிப்படிக்குக் கீழே கிடந்தது முழுக்க அவருடைய பழைய சாக்கு, உடைந்த தராசு. நாங்கள் ஒரு துடைப்பத்தைக்கூட அங்கே வைத்ததில்லை. ஓசியில் ஆள் கிடைத்தால் இவர் கடையையே கழுவச் சொல்வார் என்று முணுமுணுத்தேன். மனைவி முறைத்தாள், அடங்கிவிட்டேன்.

கம்பெனிக்காரர்கள் மருந்தை ஊற்றித் தேய்த்தார்கள். நுரை வரவில்லை. இன்னும் ஊற்றினார்கள். டைல்ஸ் முன்னை விட மோசமாகத் திட்டுத் திட்டாக ஆனதுதான் மிச்சம். சூப்பர்வைசர் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது தண்ணியே இல்ல" என்று அறிவித்தார். ஒன்பது வருஷம் அதில் குளித்தவனிடம், மதுரையிலிருந்து வந்து, பேனாவை முக்கிப் பார்த்துச் சொல்கிறார். வேறு நல்ல தண்ணீர் கொடுங்கள், இல்லாவிட்டால் ரிசல்ட்டுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் சொன்னார்.

வேறு தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? அதுவரைக்கும் மாடிப்படிக்குக் கீழே பாருங்கள் என்றேன். சாக்குகளை இழுத்துப் போட்டார்கள். வத்தல் நெடி கிளம்பி, மாஸ்க்கையும் மீறி மூன்று பேரும் தும்மித் தீர்த்தார்கள். கடைசிச் சாக்கை இழுத்தபோது, சுவரோரமாக மேலிருந்து இறங்கும் ஒரு குழாயும் அதில் ஒரு சிவப்பு வால்வும் தெரிந்தன.

"இது எந்த லைன் சார்?"

"தெரியாதுப்பா."

அவர் யாரையும் கேட்காமல் அதைத் திருகினார். அடுப்படியில் ஏதோ இருமுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். கரித்துணி தொங்கிய குழாய் இரண்டு தடவை துருவைத் துப்பிவிட்டு, கொட்டு கொட்டென்று தண்ணீரைக் கொட்டியது. மொட்டை மாடியில் இருந்த அண்ணாச்சியின் நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து அது நேராக வந்துகொண்டிருந்தது.

மனைவி உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "நல்ல தண்ணி" என்றாள்.

அதற்குள் கம்பெனிக்காரர்கள் வாளி வாளியாகப் பிடித்துக்கொண்டு போய்க் கக்கூஸில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நுரை பொங்கியது. "பாருங்க சார் ரிசல்ட்ட!" என்று கூப்பிட்டார் சூப்பர்வைசர். இவள் பதறிப்போய், "ஏங்க, வண்டியில இருந்து குடத்தை இறக்குங்க" என்றாள். பாத்திரம் பண்டமெல்லாம் கட்டி லோடு வண்டியில் ஏற்றியாகிவிட்டது. நான் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக் குடங்களை இறக்கினேன். ஒவ்வொன்றாக நிரப்பி வரிசையாக வைத்தாள். எல்லாம் நிரம்பிய பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சுவத்த உடைக்கணும்னுல்ல சொன்னாக" என்றாள். ஒரு திருகு. ஒன்பது வருஷம் இந்த மனிதர் தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறார். இவள் குடத்தோடு நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, "பாத்து வாம்மா, வழுக்கிரும்" என்று அக்கறையாகவும் சொல்லியிருக்கிறார். நல்ல அக்கறை. நாசமாய்ப் போன அக்கறை.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணாச்சி டைல்ஸைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு குடங்களைப் பார்த்தார், திறந்து கிடந்த வால்வைப் பார்த்தார். முகம் கொஞ்சமாவது மாற வேண்டுமே? "அட, அது வேல செய்யுதா?" என்று கேட்டபடியே குனிந்து, இறுக்கித் திருகி மூடினார். "டேங்க் காலியாயிரும்ல."

நான் வாயைத் திறந்தேன். மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லையே.

வந்தது. எங்கள் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரிலும் வைத்தார். "யக்கா, வீட்ட ஜம்முனு குடுத்துருக்காக. நல்ல குடும்பம். வாடகை ஒரு மாசம் தள்ளுனதில்ல. தண்ணி விசயத்துல இந்தப் பிள்ளை தங்கம். ஒம்பது வருசத்துல ஒரு நா எங்கிட்ட வந்து நல்ல தண்ணி வேணும்னு கேட்டதில்லக்கா."

என்னை வாயைத் திறக்காதே என்றவள் எழுந்து நின்றாள்.

"கேட்டேன் அண்ணாச்சி" என்றாள், சத்தம் போடாமல். "வந்த வாரமே கேட்டேன். உள்ளுக்குள்ள அடைச்சுப்போச்சுன்னு சொன்னீக. இப்ப எங்க கண்ணு முன்னாடி நீங்கதான அடைச்சீக?"

அந்த அம்மாளும் ஒரு காலத்தில் குடம் சுமந்தவராகத்தான் இருப்பார், தம்பியை நாலு வார்த்தை கேட்பார் என்று நான் நினைத்தேன்.

"என்னப்பா, எதுத்துக் கேக்குற பிள்ளையா?" என்றார் அந்த அம்மாள். "சரி, நான் யோசிச்சுச் சொல்லுறேன்னு சொல்லிரு." போன் நின்றுவிட்டது.

"கெடுத்துக்கிட்டீகளேம்மா" என்று அண்ணாச்சி எங்களுக்காக வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் கழுவிக் கழுவி ஊற்றியதை இங்கே எழுதினால் அச்சேறாது. நடுவில் சூப்பர்வைசர் வந்து, ஓனர் சாரை ஒரு ரிவ்யூ போடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவருக்கும் கிடைத்தது.

சாயங்காலம் லோடு வண்டியைப் பரளச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு விட்டோம். வேறு வீடு கிடைக்கும் வரைக்கும் சாமான்களை அங்கே போட்டுவைக்கத்தான் வழி. குடங்களைத் தண்ணீரோடு ஏற்ற வேண்டும் என்று மனைவி அடம்பிடித்தாள். டிரைவர், "ஊத்திட்டு ஏத்துங்கக்கா, ரோடு மோசம், சாமான் நனஞ்சுரும்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு குடத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் சேலை நனைந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஒரு வார்த்தைய நீ முழுங்கியிருந்தா, இந்நேரம் அந்த வீட்டு அடுப்படியில தண்ணி பிடிச்சிருக்கலாம்" என்றேன்.

"பிடிச்சிருக்கலாம்" என்றாள். "அந்தம்மா எந்தப் படிக்குக் கீழ எந்த வால்வ அடைச்சு வச்சிருக்காளோ, யாரு கண்டா?"