சேதுபதி பின்னிய குல்லாக்கள்

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய மாதங்களில், மலாக்காவில் செங் என்ற ஊர்ப் பக்கத்து வளைவில் ஒரு பஸ் கவிழ்ந்தது. ஓட்டியவர் காஜா பேராங்கில் குடியிருந்த சேதுபதி. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. மலாக்கா ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். மாதக்கணக்கில் அசையக் கூடாது.

பீடி பிடிக்கவும் முடியாது. விரல்கள் சும்மா இராமல் போர்வை நூலை உருவிக்கொண்டே இருந்தன. அதைக் கவனித்த வார்டு மிஸ்ஸி, லிம் என்ற சீன நர்ஸ், ஒருநாள் இரண்டு பின்னல் ஊசிகளும் ஓர் உருண்டை கம்பளி நூலும் கொண்டுவந்தாள். கப்பலேறிப் போன வெள்ளைக்கார அம்மா ஒருத்தி விட்டுச்சென்றவை.

“போர்வையை விட்டுவிடு. இதைப் பின்னு,” என்றாள் மலாயில்.

ஒரு ஊசியில் வரிசையாகக் கண்ணிகளை ஏற்றிக் கொடுத்தாள். அடுத்த ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, வெளியே இழுத்து, பழைய கண்ணியை நழுவ விட வேண்டும். வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து அதையே செய்ய வேண்டும். அவ்வளவுதான். சேதுபதியின் முதல் துண்டு ஒரு சாண் அகலத்தில் தொடங்கி இரண்டு சாணாக விரிந்து நின்றது. மிஸ்ஸி முழுவதையும் பிரித்துப் போட்டாள். “பெலான்-பெலான்,” என்றாள். மெல்ல, மெல்ல.

மனைவி மல்லிகாவின் அண்ணன் நடராஜன் பார்க்க வந்தபோது அவர் ஊசியை மறைக்கவில்லை.

“என்னா மாப்ள இது, பொம்பள வேலை? அதுவும் இந்த வெயில்ல யாரு கம்பளி போடப் போறா?”

“யாரும் போட வேணாம் மச்சான். கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

மல்லிகாவுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு வாரம் கழித்து வலி கண்டு அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சேர்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. எடை மிகக் குறைவு. உடம்பில் சூடு நிற்கவில்லை என்றார்கள். சேதுபதியால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. மிஸ்ஸி லிம் போய்ப் பார்த்துவிட்டு, குழந்தையின் தலையைச் சுற்றி அளந்த ஒரு நூலோடு வந்தாள். அவர் அதை வளையமாக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஓர் ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

“பொழைக்குமா மிஸ்ஸி?”

“தெரியாது. தலை வழியாகத்தான் சூடு போகும். நீ குல்லா பின்னு.”

நீள்சதுரமாக ஒரு துண்டு பின்னி, இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்தால் குல்லா. முதல் குல்லா பெரிதாகிக் கண்ணை மூடியது. இரண்டாவது பொருந்தியது. துவைக்க ஒன்று, போட ஒன்று வேண்டுமே என்று மூன்றாவதையும் தொடங்கினார். பக்கத்துத் தொட்டில் குழந்தைக்கும் ஒன்று கேட்டார்கள்.

கால் கட்டை அவிழ்த்த பிறகுதான் மகளை நேரில் பார்த்தார். அவள் தேறியிருந்தாள். சந்திரமதி என்று பேர் வைத்தார்கள்.

கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதால் பஸ் ஓட்ட முடியவில்லை. கம்பெனி அவரை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தது. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த காதர் மைதீனிடம், வெள்ளைக்காரர்கள் போனபின் வாங்க ஆளில்லாத கம்பளி நூல் கிடந்தது. மலிவாகக் கொடுத்தார். கூட்டமில்லாத மத்தியானங்களில் சேதுபதி கவுண்டரிலேயே பின்னினார். சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் பழகிப்போனார்கள். நடராஜனும் தன் மகனுக்கு ஒன்று வாங்கிப் போனார்.

மல்லிகா ஊசியைத் தொடவில்லை. “எனக்குப் பொறுமை கெடையாது, நீங்களே பின்னுங்க,” என்பாள்.

கண்ணியை மறுபக்கமாக எடுத்துப் பின்னும் இன்னொரு முறையையும் சொல்லித் தருவதாக மிஸ்ஸி லிம் சொல்லியிருந்தாள். அதற்குள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். சேதுபதி வேறு யாரிடமும் கேட்கவில்லை. குல்லா, கழுத்துத் துண்டு, சதுரங்களை ஒட்டிய தொட்டில் போர்வை என்று முதலில் கற்ற அந்த ஒரே வகைக் கண்ணியில் வந்ததை மட்டும் ஓய்வு பெறும்வரை பின்னிக்கொண்டிருந்தார்.