சித்தப்பா பார்த்துச் சொன்ன படம்

வறுத்த தர்பூசணி விதையும் சுருட்டுப் புகையும் கலந்த வாசனை மாடிப்படியில் ஏறி வந்தால், சித்தப்பா சினிமா பார்த்துவிட்டு வருகிறார், இனி ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது என்று அர்த்தம். சைகோனில், பென்தான் சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த அந்தப் பிரெஞ்சுக்காரன் காலத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, விதைத் தோலைத் தரையெல்லாம் உதிர்த்தபடி அபிப்பிராயம் சொல்லத் தொடங்குவார். பிரெஞ்சுப் படம் என்றால், "அவனும் நடந்தான், அவளும் நடந்தா, மழை பெஞ்சுது, முடிஞ்சுபோச்சு" என்பார். அமெரிக்கப் படம் ஒன்றில் குதிரை மட்டும்தான் ஒழுங்காக நடித்ததாம்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் தெருவில் இருந்த நாலைந்து காரைக்கால் குடும்பங்களில், பெண்டுகள் படத்துக்குப் போவதென்றால் ஆண்பிள்ளை ஒருவர் முதல் நாளே பார்த்து, "போகலாம்" என்று சொல்லவேண்டும் என்பது வழக்கம். அந்தப் பதவியைச் சித்தப்பா தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் பார்த்த குமாஸ்தா வேலையைவிட இதில்தான் அவருக்கு மிடுக்கு அதிகம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஒரு தமிழ்ப் பேசும்படம் வந்தது. மூன்றே நாள்தான் ஓடும், பிறகு பெட்டி கப்பலேறிவிடும் என்றார்கள். அம்மா சைகோனுக்கு வந்து எட்டு வருஷமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலைத் தவிர வேறெங்கும் போனதில்லை, தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது, ஒரு சினிமாவும் பார்த்ததில்லை. அவள் அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் உதறிப்போட்டதையும், என் தலையை இரண்டு தரம் பின்னிவிட்டதையும் நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

முதல் நாள் பகலாட்டம் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா, செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வேணாம் அண்ணி. எடுத்த எடுப்புலயே கதாநாயகி செத்துப்போறா. 'அந்த்ராக்த்' இடைவேளை விட்டு உள்ள போனா, மணையில உக்காந்து தாலி கட்டிக்கிறா. கடைசியில பாவாடையைக் கட்டிக்கிட்டு ஊஞ்சலாடுறா. பேய்க்கதை! புள்ளைங்க ராத்திரி அலறும்."

"கீழ பெஞ்சுல இருந்தவங்க என்ன சொன்னாங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஒரே கூச்சல். அவங்களுக்கு என்ன தெரியும்? பிரெஞ்சுக்காரன் படம் பார்த்துப் பழகினவனுக்குத்தான் இந்தப் புது மாதிரியெல்லாம் புரியும்."

அப்பா, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்தார். அம்மா பட்டுச்சேலையை மடித்து உள்ளே வைத்தாள். தெருவிலிருந்த மற்ற வீடுகளிலும் பட்டுகள் உள்ளே போயின.

நாலாம் நாள் காலையில் பால் ஊற்ற வந்த தஞ்சாவூர்க்காரர் விஷயத்தைச் சொன்னார். கொட்டகையில் படம் ஓட்டிய சீனனுக்குத் தமிழ் தெரியாது. முதல் நாள் பகலில் படச்சுருள் டப்பாக்களைக் கடைசியிலிருந்து மாட்டிவிட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் கத்தியதே அதற்காகத்தான். சாயங்கால ஆட்டத்திலேயே சரிசெய்துவிட்டார்களாம். "நேத்து என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போனேன்மா. என்னா பாட்டு! அழுதுகிட்டே கேட்டா" என்றார். அதற்குள் பெட்டி கப்பலேறியிருந்தது.

நான் குதித்தேன், அழுதேன், சித்தப்பாவோடு பேசமாட்டேன் என்றேன். அன்று மத்தியானம் அம்மா அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டே, "தம்பி, அந்தப் பொண்ணு பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"சுமார்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவர் ரசத்துக்கு இலையைத் தயார் பண்ணினார்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குள் சைகோனுக்கு இன்னொரு தமிழ்ப் படம் வரவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, எங்கள் தெருவில் காரைக்கால் குடும்பம் ஒன்றுகூட இல்லை. அந்தப் படத்தின் பிரதி எங்காவது இருக்கிறதா என்று நானும் பலரிடம் விசாரித்துவிட்டேன்; இல்லை என்றே சொல்கிறார்கள். சித்தப்பா எண்பது வயதுவரை இருந்து, பார்த்த படத்துக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போனார். வேண்டாம் என்றாலும் அவை அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவே தெரியாது.