இரண்டாம் படை ஏன் அசையவில்லை

கோப்பாய்ச் சந்திக்குப் பக்கத்திலுள்ள அச்சகமொன்றில் சுபாஜினிக்குத் தட்டச்சு வேலை. பெரும்பாலும் கல்வெட்டுகள்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகங்கள் அவை. அவர் பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள், உறவினர் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் அவளுடைய ஏழு விரல்கள் வழியாகவே தாளுக்குப் போகும். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, இடம்பெயர்ந்த வழியில், ஒரு ஷெல் துண்டு இடக்கையில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் மிச்சம் விட்டது. அச்சகத்தில் இது யாருக்கும் புதினமில்லை.

இணையத்தில் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

வேலை முடிந்து வந்தால் அவள் கணினியில் படை நடத்துவாள். வயல் விதைத்து, மரம் தறித்து, கோட்டை கட்டி, எதிரியின் கோட்டையை இடிக்கிற விளையாட்டு. அணியில் மூன்று பேர். நல்லூர்க் கஜானன் தலைவர். மற்றவன் மயிலிட்டி ஜெரிசன். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை; குரலால் மட்டும் பழக்கம். அங்கே அவள் குதிரைப்படைக்காரி. கையைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக் கதைக்கிறவர்கள் அங்கே இல்லை. அந்த ஓர் இடத்தை இழக்க அவளுக்கு மனமில்லை.

போன மாதத்திலிருந்து குதிரைப்படை சொற்கேட்பதில்லை. தொடக்கத்தில் விசைகள் ஒழுங்காக வேலை செய்யும். சண்டை சூடுபிடித்ததும் எந்த எழுத்தை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. தாக்கு என்றாலும் நிற்கும், ஓடு என்றாலும் நிற்கும். பிறகு தானாகவே சரிவரும். அதற்குள் பாதிக் குதிரைகள் செத்திருக்கும்.

"குதிரையளுக்கு வைக்கல் போட மறந்துபோனீரோ?" என்று கஜானன் முதலில் பகிடி பண்ணினார். தொடர்ந்து தோற்கப் பகிடியும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. "ஏலாதெண்டால் இப்பவே சொல்லும் பிள்ளை. வேற ஆளைப் பாக்கவேணும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிழை விரல்களில்தான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். பகல் முழுக்கத் தட்டச்சு, பின்னேரத்தில் போர். மிஞ்சிய இரண்டும் களைத்துப்போயிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜெரிசன் அழைத்தான். இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வாடிக்கையாளர்களின் முறைப்பாடு கேட்பது அவன் தொழில்.

"வணக்கம், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"பகிடியை விடு தம்பி."

"கீபோர்ட் செருகியிருக்கோ அம்மா?"

"அடி வாங்கப்போறாய்."

"இதைக் கேக்காட்டி எங்கடை சுப்பவைசர் பேசுவார் அக்கா. சரி, புதுசா ஏதும் புரோகிராம் போட்டனீங்களோ?"

"ஒண்டும் இல்லை."

அச்சகத்திலிருந்து இரவல் வாங்கிவந்த கீபோர்டை மாற்றிப் பார்த்தார்கள். அதே கதைதான். விளையாட்டை மூடித் திறந்தார்கள். அதே கதை.

"அப்ப எல்லா விசையையும் ஆதியிலை இருந்தமாதிரிப் போடுவம்."

"வேண்டாம்!"

"ஏனக்கா? அப்பிடிச் செய்து பாக்காமல் பிழையைப் பிடிக்கேலாது."

ஆதியில் இருந்தபடி என்றால், புதிதாக வரும் குதிரைகளை அவளுடைய இரண்டாம் படையில் சேர்க்க மூலையிலுள்ள கொன்ட்ரோல் விசையையும் இரண்டையும் ஒன்றாக அழுத்த வேண்டும். விரல் எட்டாததைச் சொல்லாமல் அணியிலிருந்து விலகிவிடலாம். விலகினால் ஒருவரும் ஒன்றும் அறியப்போவதில்லை.

"கொன்ட்ரோல் எனக்கு எட்டாது ஜெரி. இடக்கையிலை ரண்டு விரல்தான். அதாலை ஆல்ட்டுக்கு மாத்தி வைச்சிருக்கிறன்."

இறங்கப்போகும் குரலுக்காக அவள் காத்திருந்தாள்.

"சரி, அப்ப குதிரையைச் சேர்க்க என்ன அழுத்துவியள்?"

அதே குரல். கீபோர்ட் செருகியிருக்கோ என்று கேட்ட அதே குரல்.

"ஆல்ட்டும் ரண்டும்."

"அழுத்திப்போட்டு, தாக்கச் சொல்லுங்கோ."

குதிரைகள் அசையவில்லை.

"இன்னொருக்கா அழுத்திப்போட்டுச் சொல்லுங்கோ."

குதிரைகள் பாய்ந்தன.

"பிடிச்சாச்சு! அந்த ரண்டு விசையும் வேற எதுக்கும் பாவிக்கிறனீங்களோ?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழில் தட்டச்சுச் செய்ய மாறுவதற்கும் அதே ஆல்ட், அதே இரண்டு. போன மாதம் கல்வெட்டு வேலை கூடிப்போக, வீட்டிலிருந்து செய்வதற்காகத் தமிழ் மென்பொருளைத் தன் கணினியிலும் போட்டிருந்தாள். சண்டை நடுவே குதிரை சேர்த்ததும் கீபோர்ட் தமிழுக்கு மாறியிருக்கிறது. அடுத்த முறை சேர்க்கும்போது திரும்பவும் ஆங்கிலம்.

"புதுசா ஒண்டும் போடேல்லை எண்டனீங்கள்!"

"அது தமிழ்தானேடா. அதை ஆர் புதுசெண்டு நினைக்கிறது?"

"உங்கடை குதிரையள் இங்கிலீஷ் மீடியமக்கா, தமிழ் எழுத்து விளங்காது. நாங்கள் கொன்ட்ரோல் அழுத்திறபடியால் எங்களுக்கு இது வந்திருக்காது."

தமிழுக்கு மாறும் விசையை வேறிடத்தில் வைத்தார்கள். அத்தோடு அவன் விடவில்லை. "மற்ற எது எட்டாமல் கிடக்கு? சொல்லுங்கோ, எல்லாத்தையும் கிட்டக் கொண்டருவம்." மதில் கட்டும் விசை எட்டாது என்றாள். அது சுட்டுவிரலுக்குக் கீழே வந்தது. இவ்வளவு காலமும் அதற்காக வலக்கையை மவுஸிலிருந்து எடுத்து எட்டியிருக்கிறாள். சொல்ல ஓர் ஆள் இருக்கவில்லை. அவள் நன்றி சொல்லத் தொடங்கினாள். அவனோ, "சேவையில் திருப்தியெண்டால் இலக்கம் ஒன்றை அழுத்தவும்," என்றான்.

அந்த நேரம் கஜானன் வந்து சேர்ந்தார். "என்னவாம், குதிரையளுக்குச் சுகமோ?"

"சுகம் அண்ணை," என்றான் ஜெரிசன். மேலே ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை அவளுக்கே விட்டிருந்தான். அந்த அமைதிக்காகவும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது.

"ஞாயிறு நான் விளையாடுறன் அண்ணை," என்றாள். "என்ன பிழையெண்டு சொல்லுறன், கேளுங்கோ." ஆல்ட்டில் தொடங்காமல் கையிலிருந்து தொடங்கினாள்.

கஜானன் முழுவதையும் கேட்டார்.

"அப்ப போன வருசம் விளையாடிப் பழகிற நேரம் என்ரை கோட்டையை இடிச்சது, உந்த ரண்டு விரலாலையோ?"

"ஓம் அண்ணை."

"வெக்கக்கேடு," என்றார் அவர். "ஞாயிற்றுக்கிழமை அவங்கடை கோட்டையையும் இடியும்."

முதலில் சிரித்தது ஜெரிசன்தான்.