வடக்கும் வழி சொல்லும் பெட்டியும்

வாடகைக் கார் நிறுத்தத்தில் அவருக்கு ‘வடக்கு’ என்று பெயர். சேர்ந்த புதிதில் யாரோ, “மார்க்கெட் எந்தப் பக்கம்ணே?” என்று கேட்டபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு “வடக்கு” என்று சொல்லிவிட்டார். மார்க்கெட் அவர் முதுகுக்குப் பின்னால், சாலையின் மறுபக்கம் இருந்தது. அதன் தகரக் கூரை அங்கிருந்தே தெரியும். அன்றிலிருந்து தேநீர் வாங்கப் போனாலும், “வடக்கு, கடை தெற்கால இருக்கு, பாத்துப் போ” என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சிலருக்குக் கணக்கு வராது, சிலருக்குப் பாட்டு வராது. இவருக்குத் திசை வரவில்லை. ஒரு கடைக்குள் நுழைந்து வெளியே வந்தால், வந்த பக்கம் எது, போக வேண்டிய பக்கம் எது என்று வாசலில் நிற்பார். அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆலையின் பேருந்து தெருமுனையில் ஏற்றிக்கொண்டு தெருமுனையிலேயே இறக்கிவிட்டது. ஆலையை மூடியபின் அவருக்குத் தெரிந்த வேறு தொழில் வண்டி ஓட்டுவது ஒன்றுதான். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சரக்கு லாரிக்கும் மதில்சுவருக்கும் இடையில் கண்ணாடி உரசாமல் காரை நுழைப்பார். எங்கே நுழைக்க வேண்டும் என்பதை மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லத்தான் பெட்டி வந்தது. செயற்கைக்கோளிடம் கேட்டு வழி சொல்லும் சின்னக் கருவி, உள்ளங்கை அகலம். முன்கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் கைப்பேசியிலேயே வழி பார்க்கத் தொடங்கிய பிறகும் அவர் பெட்டியை விடவில்லை. கைப்பேசியில் அழைப்பு வந்தால் வழி மறைந்துவிடும். பெட்டிக்கு வேறு சோலி கிடையாது. போகுமிடத்தைத் தட்டினால் போதும். நெரிசல் எங்கே, ஒருவழிப் பாதை எது என்று அது பார்த்துக்கொள்ளும். குறுக்குவழி தெரியும் என்று வம்பு பண்ணாத ஓட்டுநர் என்பதால் பயணிகளுக்கும் அவரைப் பிடித்திருந்தது.

பெட்டிக்கும் கோளாறுகள் இருந்தன. புதிதாக எழுப்பிய சுவரின் முன்னால் நிறுத்தி, “நேராகச் செல்லவும்” என்றது ஒருமுறை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே போனால் பக்கத்துத் தெருவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வெயிலில் ரப்பர் இளகி மடியில் விழும். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். அவர் கவனிக்காமல் போனது வேறு. இத்தனை வருடம் ஓட்டியும் ஒரு தெருகூட அவர் மனதில் தங்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஊர், திரையில் ஓடும் நீலக் கோடு மட்டுமே.

“அந்தப் பொட்டிக்காரி சொன்னா கிணத்துலயும் எறக்குவீங்க. நான் சொன்னா மட்டும் காது கேக்காது” என்பாள் மனைவி. அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை அவளுக்கு. நடந்தே போய் நடந்தே வருபவள்.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார்: அவருடைய அப்பா. தையல்காரர். கடையை விட்டு வெகுகாலமாகிறது. அளவு நாடா மட்டும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போது மட்டும் அதை ஆணியில் மாட்டிவிட்டு, துவட்டும் முன்பே எடுத்துப் போட்டுக்கொள்வார். கொஞ்ச நாளாக அவருக்கு நினைவு கலங்கிவந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “இன்னும் சோறு போடலையா?” என்பார். மகனின் சட்டையைப் பிடித்து, “இந்தக் காலர் யார் தைச்சது? கழுதை காது மாதிரி நிக்குது” என்பார். அதைத் தைத்தவரே அவர்தான்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்தபோது முன்கதவு திறந்து கிடந்தது. அடுத்த வீட்டுக்காரி, “கடை தொறக்கணும், நேரமாச்சுன்னு சொல்லிட்டே போனாரே. நீங்க யாராச்சும் கூடப் போறீங்கன்னு நெனைச்சேன்” என்றாள். மனைவி போன் செய்ததும் வடக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு மட்டும் பெட்டியில் தனிப் பொத்தான் உண்டு.

அவள் முன்னிருக்கையில் ஏறினாள். “கடைக்குத்தான் போயிருப்பாரு. அங்க விடுங்க.”

அவர் பெட்டியைத் தொட்டார். ‘போகுமிடத்தைத் தரவும்’ என்றது திரை. தெருவின் பழைய பெயரைத் தட்டினார். ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்று வந்தது. எழுத்தை மாற்றித் தட்டினார். அப்போதும் இல்லை.

“கடை எங்கங்க இருந்துச்சு? ஒரு அடையாளம் சொல்லுங்க” என்றாள்.

“சோடாக் கடைக்குப் பக்கத்துல.”

“சோடாக் கடை எங்க இருந்துச்சு?”

“நம்ம கடைக்குப் பக்கத்துல.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைக்குள் இருந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். வெட்டு மேசையின் எந்தக் கால் ஆடும், துணியில் கோடு போடும் சாக்பீஸ் எந்த டப்பாவில், தேய்ப்புப் பெட்டி சுட்ட கறை பலகையில் எந்த வடிவம் என்று இப்போதும் வரைந்து காட்டுவார். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவார். அந்தக் கை போன பக்கம் போனார், அவ்வளவுதான். பிறகு தெருவை இடித்து அகலப்படுத்தினார்கள், மேலே பாலம் வந்தது, பெயரும் மாறியது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவருக்கு. தேடுகிறவன் எங்கே போகிறேன் என்று சொல்ல முடியுமா? அதைச் சொல்லாமல் பெட்டி ஓர் அடி நகராது. “பெரிய ஆஸ்பத்திரி போடுங்க” என்றாள் மனைவி. போட்டார். போய்ப் பார்த்தார்கள், இல்லை. பிறகு பேருந்து நிலையம், மார்க்கெட். ஒவ்வொரு தடவையும் பெட்டி சீக்கிரம் போகும் வழியையே காட்டியது. சீக்கிரம் போகும் வழி என்றால் பாலம். அப்பா நடந்துகொண்டிருப்பதோ கீழே. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்பார்களே, இவர்கள் குளத்துக்கு மேலே பறந்து பறந்து தேடினார்கள்.

மூன்றாம் தடவை பாலத்தில் ஏறியபோது, ஜன்னல் வழியே கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்த மனைவி அவர் தோளை அடித்தாள்.

“மாமாங்க. கீழ போறாரு. கழுத்துல டேப் தெரியுது. நிறுத்துங்க.”

“இங்க எப்படி நிறுத்தறது?”

பின்னால் பேருந்து ஒன்று விளக்கை அடித்துக்கொண்டு நெருங்கியது. வலப்பக்கம் லாரி. வேகத்தைக் குறைக்கக்கூட இடமில்லை. “மஞ்சக் கட்டடம், மஞ்சக் கட்டடம், பாத்து வச்சுக்குங்க” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். மஞ்சள் கட்டடம் சிறுத்து, இன்னொரு கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டது. பாலம் இறங்க இறங்க நீண்டது. பெட்டி நிதானமாக, “எண்ணூறு மீட்டரில் இடப்புறம் இறங்கவும்” என்றது.

இறங்கி, வளைந்து, பாலத்துக்கு அடியில் வந்தார்கள். அங்கே ஐந்தாறு தெருக்கள் பிரிந்தன. மேலிருந்து பார்த்த இடம் கீழே வந்ததும் வேறு இடமாகிவிட்டது. எந்தத் தூணைப் பார்த்தாலும் ஒன்றுபோல் இருந்தது. மஞ்சள் கட்டடம் எங்கும் இல்லை.

“எந்தப் பக்கம்?” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

“வடக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று கதவைத் திறந்து இறங்கினாள். “வாயுள்ள பிள்ளை பொழைக்கும். நான் கேட்டுக்கிட்டே போறேன். என் பின்னாலயே வாங்க.”

அவள் நடந்தாள். அவர் முதல் கியரில் அவளுடைய நடைக்கு ஏற்ப ஊர்ந்தார். “கழுத்துல டேப் போட்ட பெரியவரைப் பாத்தீங்களா?” என்று அவள் பழக்கடையில் கேட்டாள், மருந்துக்கடையில் கேட்டாள், திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டாள். பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர், “என்னய்யா, பொண்டாட்டிக்கு ஊர்வலமா?” என்று கத்திவிட்டுப் போனார். “திரும்பிச் செல்லவும். திரும்பிச் செல்லவும்” என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் அதன் குரலைக் குறைக்கவில்லை. குறைக்கவும் பயமாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் கையைக் காட்டிய சந்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அங்கே அப்பா, குத்தவைத்து உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த பஞ்சர்காரரின் முதுகை அளந்துகொண்டிருந்தார்.

“அசையாத. தோள்பட்டை ஒரு பக்கம் எறங்கியிருக்கு” என்றார் அப்பா.

“பெரியவர் வந்ததுலருந்து அளவெடுக்கிறாரு. துணி நான் எடுத்துத் தரணுமாம்” என்று பஞ்சர்காரர் சிரித்தார்.

மனைவி அவருடைய கையைப் பிடித்தாள். “மாமா, வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

அவளோடு வந்தார். காரைப் பார்த்ததும் பின்கதவைத் தானே திறந்து ஏறி, நேராக உட்கார்ந்தார். “டிரைவர், கடைக்குப் போப்பா. ஆள் வந்து நிப்பாங்க.”

வடக்கு கண்ணாடியில் பார்த்தார். “அப்பா, நான்தாம்பா.”

“யாரா இருந்தா என்ன, வண்டிய எடு.”

வீட்டுப் பொத்தானை அழுத்தினார். “இடப்புறம் திரும்பவும்” என்றது பெட்டி.

அப்பா முன்னால் சாய்ந்தார். “யாரது பேசுறது? கடைக்கு இது வழியில்ல. உனக்கு வழி தெரியுமா தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

“அப்புறம் எதுக்கு வண்டி ஓட்டுற?”

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டி இன்னொரு முறை சொன்னது. அவர் இடப்புறம் திரும்பினார்.

அடுத்த விடுமுறையில், பெட்டியை எடுத்து வைத்துவிட்டு அப்பா கிடைத்த இடத்துக்கு நடந்து போய்ப் பழகுவோம் என்று மனைவியிடம் சொன்னார். மறுபடி போய்விட்டால் தேடத் தெரிய வேண்டுமே. அவள் கூடவே நடந்தாள், வழி மட்டும் சொல்லவில்லை. தெருமுனை தாண்டி, நூலகம் தாண்டி, பெட்ரோல் பங்கில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். “இங்கருந்து?” என்றார். “நான் சொல்லப் போறதில்ல” என்றாள். வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் அவளேதான் அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். திரும்பி வரும்போது, போன தெரு வேறு தெருவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இரும்புச் சாமான் கடையில் ஒரு பூட்டு வாங்கினார்.

இப்போது பகலெல்லாம் முன்பக்கக் கம்பிக் கதவு பூட்டியிருக்கிறது. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று அடுத்த வீட்டுக்காரியிடம். காலையில் அவர் பூட்டும்போது அப்பா நாடாவைச் சரிசெய்துகொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார்.

“எங்க போற?”

“தெரியலப்பா. யாராவது ஏறிச் சொன்னாத்தான் தெரியும்.”

“அப்ப என்னை ஏத்திக்கயேன். நான் சொல்றேன்” என்பார் அப்பா, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போவார்.