மந்தம் என்று எழுதப்பட்ட அங்கமுத்து

அங்கமுத்துவை மந்தபுத்திக்காரர் என்று எழுதிவைத்தவர்கள் நாம். ஆண்டுக்கு ஒரு தடவை, முத்திரை குத்திய தாளில், பத்து ஆண்டுகள் எழுதினோம். அந்தப் பத்தில் ஒன்பதைத் தட்டச்சு செய்தவன் நான்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, லோரிகள் கிளம்பும் நேரத்தில், அவருடைய மகள் செல்வி பள்ளிச் சீருடையோடு எங்கள் தண்ணீர் இலாகா டிப்போவுக்கு வந்தாள். "அப்பா இறந்துட்டாங்க. இன்னிக்கு வேலைக்கு வரமாட்டாங்கன்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க அம்மா" என்றாள். இறந்தவருக்கும் விடுப்புச் சொல்லி அனுப்பிய வீடு அது. காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் மறுபடி எழவில்லை. வயது நாற்பத்தாறு.

அன்று பிற்பகல் இலாகா குடியிருப்பில் அவருடைய ஒற்றை அறைக்கு வெளியே நின்றோம். வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். "பாவம், ஒண்ணும் தெரியாத மனுஷன்." எங்கள் இன்ஜினியர் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது. அவரோடு வேலை செய்தவர்களுக்கும் நம் தொழிற்சங்க இதழில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. அங்கமுத்து சிராங்கூன் ரோட்டுக் குழுவில் நாட்கூலித் தொழிலாளி. நான் அதே டிப்போவில் கிராணி, அதாவது மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவன். ஒவ்வொரு தொழிலாளியைப் பற்றியும் ஆண்டு முடிவில் ஓர் இரகசிய அறிக்கை தயாரிப்போம். அதில் 'அறிவுத்திறன்' என்று ஒரு கட்டம் உண்டு. சிறப்பு, நடுத்தரம், மந்தம் என்ற மூன்றில் ஒன்றைப் போடவேண்டும். யாரும் யாரையும் சோதித்துப் பார்த்துப் போடுவதில்லை. சென்ற ஆண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலுள்ளதை அப்படியே தட்டச்சில் அடிப்போம். மேற்பார்வையாளர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இன்ஜினியரும் அப்படியே. நூற்றுக்கு மேற்பட்ட தாள்களை ஒரே நாளில் முடித்துவிடுவேன். வேகமான கிராணி என்று எனக்கு நல்ல பெயர்.

முதல் ஆண்டுத் தாளில் 'மந்தம்' வந்த கதையை எங்கள் மண்டோர் சொல்லித்தான் அறிந்தேன். மண்டோர் என்றால் குழுவுக்குத் தலைவர். அப்போதிருந்த மேற்பார்வையாளர், ஒரு தெருவின் குழாய் எத்தனை அங்குலம் என்று அங்கமுத்துவைக் கேட்டிருக்கிறார். "தெரியலைங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் உண்மையாகவே பார்க்கப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னார். அது தவறான எண். அவருக்கு 'நடுத்தரம்' கிடைத்தது.

தனக்கு மூளை கிடையாது என்பதில் அங்கமுத்துவுக்கே சந்தேகம் இருந்ததில்லை. ஜொகூரில் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டப் பள்ளியின் வாத்தியார் இரண்டாம் வகுப்பில் அவரை எழுப்பி, உன் மண்டையில் ஒன்றும் ஏறாது என்று சொல்லித் தம்முடைய ஆடுகளை மேய்க்க அனுப்பிவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் அங்கமுத்து சிரிப்பார். "வாத்தியாரு மேல தப்பு இல்ல தம்பி. ஆடு நல்லாத்தான் மேஞ்சுச்சு."

மழை பொய்த்து, தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த அந்த ஆண்டில் நடந்தது நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரு கடையின் வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் தண்ணீர் கசிந்தது. ஊரே வாளியோடு வரிசையில் நிற்கும்போது இங்கே தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. மேற்பார்வையாளர் கசிவு தெரிந்த இடத்தில் தோண்டச் சொன்னார். குழாய் நன்றாக இருந்தது. பக்கத்தில் தோண்டினார்கள். அங்கேயும் நன்றாக இருந்தது. மூன்றாவது குழி தோண்டும்போது அங்கமுத்துவைக் காணவில்லை. அவர் தெருவோடு நடந்து வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சலவைக்காரம்மா, "வெள்ளிக்கிழமையிலேருந்து பைப்புல சேறு வருதுப்பா, வேட்டியெல்லாம் பழுப்பாயிருச்சு" என்றாராம். நாலு வாசல் தள்ளிப் பால்கடைக்காரர் தம் குழாயில் ஒரு குறையும் இல்லை என்றாராம். அங்கமுத்து திரும்பி வந்து, "அந்த அம்மா வீட்டுக்கும் பால்கடைக்கும் நடுவுல தோண்டிப் பாக்கலாமாங்க?" என்று கேட்டார். உடைப்பு அங்கேதான் இருந்தது. பழைய குழாய் ஒன்றைப் பிடுங்கிய பள்ளத்தின் வழியாகத் தண்ணீர் நெடுந்தூரம் ஓடிவந்து இங்கே தலைகாட்டியிருக்கிறது.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? எனக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சவங்கள கேட்டேன். அய்யாவுக்குத் தெரியும், அதனால அவரு தோண்டினாரு."

இதைக் கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று கடைசிவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பழுது அறிக்கையில் உடைப்பைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மேற்பார்வையாளரின் பெயரைத் தட்டச்சு செய்தேன். அந்த வாரமே ஆண்டறிக்கையும் வந்தது. 'மந்தம்' என்று அடித்தேன். இரண்டு தாள்களும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பதவி உயர்வுத் தேர்வில் நான் இரண்டு தடவை தோற்றேன். பள்ளியில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு அது பெரிய அடி. இரண்டாம் தடவை முடிவு வந்த நாள் தேக்கா சந்தைப் பக்கம் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, நான் ஒரு முட்டாள், இத்தனை நாளும் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறேன் என்று புலம்பினேன். எதிரே அங்கமுத்து கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு லீவா தம்பி?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு லோரிக்குச் சீட்டு நீங்கதான எழுதணும்?"

"ஆமா."

"எழுதத் தெரியும்ல? போங்க லா. நீங்க கெட்டிக்காரரா முட்டாளான்னு உங்களைத் தவிர இங்க யாரும் கேக்கல."

கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் சீட்டு எழுதினேன். அதற்கு முன்னால் எந்த வேலையைச் செய்தாலும், இதில் நான் எப்படித் தெரிகிறேன் என்று பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவன் எனக்குள் இருந்தான். அவனுக்கு அன்றோடு வேலை குறைந்தது. இந்த நன்றியை அவரிடம் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

போன ஆண்டு எங்கள் மண்டோர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு அங்கமுத்து மனுப் போடவேண்டும் என்று குழுவே சொன்னது. அவர் மறுத்தார்.

"எனக்கெதுக்கு மண்டோர் வேல? அதுக்கெல்லாம் மூளை வேணும். செல்வியையே இந்த வருசத்தோட நிறுத்தப்போறேன். தையல் கடையில கேட்டு வச்சிருக்கேன்."

செல்வி அப்போது ஆறாம் வகுப்பு. அவளுடைய மதிப்பெண் புத்தகத்தில் வாத்தியார் 'மந்தம், மேற்படிப்புக்கு ஏற்றவள் அல்ல' என்று எழுதியிருந்தார். அங்கமுத்து அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"எங்க வம்சம் அப்படி தம்பி. எனக்கு இருந்தாத்தான அவளுக்கு வரும்?"

நான் கத்தினேன். தன்னை மந்தன் என்று நம்புகிற மனிதன் தன்னோடு அதை முடித்துக்கொள்வதில்லை, பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுப் போகிறான் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மனுவை நானே எழுதினேன். "கிராணியார் ஆசைக்கு ஒரு கையெழுத்து" என்று போட்டுக் கொடுத்தார். மண்டோர் வேலை கிடைத்தால் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை வரும், செல்வி பள்ளியில் இருப்பாள் என்பது என் கணக்கு.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மண்டோருக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும்ங்க" என்றாராம். மூவரும் சிரித்தார்களாம். பிறகு கோப்பைத் திறந்தார்கள். ஒன்பது அறிக்கைகளிலும் ஒரே சொல். வேலை வேறொருவருக்குப் போனது.

"எழுதியே வச்சிருக்காங்க தம்பி. ஒன்பது வருசமா. படிச்சவங்க பொய்யா எழுதுவாங்க? செல்வி விசயத்துல நான் நெனச்சது சரிதான். அடுத்த மாசம் கடையில விட்டுர்றேன்."

அப்போதுதான் சொன்னேன். அந்தச் சொல்லை யாரும் யோசித்து எழுதவில்லை, பழைய தாளைப் பார்த்து அடித்தவன் நான்தான், எட்டு ஆண்டுகள் அடித்தேன் என்று சொன்னேன். என்னைக் கைநீட்டி அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் கைவிரல்களைப் பார்த்தார்.

"எட்டு வருசமா ஒரே வார்த்தைய அடிச்சீங்களே, கை வலிக்கலையா?"

பிறகு சட்டைப் பையிலிருந்து செல்வியின் புத்தகத்தை எடுத்தார்.

"அப்ப இதுவும் அப்படித்தானா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதா? வாங்க, கேட்டுருவோம்."

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் பள்ளிக்குப் போனோம். வாத்தியார் முன்னால் அங்கமுத்து உட்காரவில்லை. தெருவில் கேட்பது போலவே கேட்டார். "புள்ளைக்கு எதுல மந்தம்ங்க? கணக்குலயா?" வாத்தியார் ஏட்டைப் புரட்டினார். கணக்கில் குறைவில்லை. "படிக்கிறதுலயா? எழுதுறதுலயா? எந்த மாசத்துலேருந்துங்க?" வாத்தியார் மறுபடி ஏட்டைப் புரட்டினார். கடைசியில், "வகுப்பில் வாயே திறப்பதில்லை, அதனால் போட்டேன்" என்றார்.

"எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தாங்க. பேசாததுக்கு மந்தம்னு பேருன்னா, பேசச் சொல்லிக் குடுங்க. நான் நிறுத்தல."

செல்வி தேர்வு எழுதினாள். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

அன்று பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "இப்பவாவது ஒத்துக்குங்கண்ணே. உங்களுக்கு மூளை இருக்கு."

"அது எனக்குத் தெரியாது தம்பி. அவளுக்கு இல்லேன்னு யாருக்கும் தெரியாதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. அது போதும்."

நான் விடவில்லை. அவர் புத்திசாலி என்று அவர் வாயால் கேட்கவேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு நெனச்சா நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். அப்புறம் மூணு குழி தோண்டணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துத்தான் நாம் அவரைக் கடைசிவரை மண்வெட்டியோடு நிறுத்தினோம். இரண்டும் உண்மை. எனக்கு இன்றும் இது ஒத்துப்போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆண்டு முடிவில் அவருடைய அறிக்கையில் 'சிறப்பு' என்று அடித்தேன். இன்ஜினியர் தாளைத் திருப்பி அனுப்பினார். ஒன்பது ஆண்டுகள் மந்தமாக இருந்தவர் ஒரே ஆண்டில் எப்படிச் சிறப்பானார், விளக்கம் தேவை என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது. விளக்கம் எழுத ஒரு நாள் போதும். அன்று என் மேசையில் வேலை அதிகம். புதுத் தாளில் 'மந்தம்' என்று அடித்து அனுப்பிவிட்டேன். முன்னால் அடித்த எட்டும் யோசிக்காமல் அடித்தவை. இது தெரிந்தே அடித்தது. அங்கமுத்துவிடம் இதை நான் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போது ஒருவரைப் பற்றித் தாளில் ஏதாவது போடுவதற்கு முன் எழுந்து போகிறேன். சாலையில் அவர் வேலை செய்யும் இடத்தில் நின்று பார்க்கிறேன், கூட இருப்பவர்களைக் கேட்கிறேன். வேகமான கிராணி என்ற பெயர் போய்விட்டது. தெரியாது என்று சொல்லும்போது முன்பெல்லாம் முகம் சுருங்கும். இப்போது சுருங்குவதில்லை. இதற்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றியுள்ளவன்.

சென்ற வியாழக்கிழமை நடந்ததையெல்லாம் எழுதி, அவருடைய கோப்பைத் திருத்தக் கோரி இன்ஜினியருக்கு அனுப்பினேன். சனிக்கிழமை கோப்பு திரும்பி வந்தது. உள்ளே ஒரு திருத்தமும் இல்லை, பதிலாக ஒரு வரிகூட இல்லை. ஓய்வூதியம் கேட்டோ, அவருக்குப் புகழ்மாலை கேட்டோ நான் எழுதவில்லை; அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் கேட்டேன். ஆகவே அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர்களை, எல்லாரும் படிக்கும்படி இங்கே மறுபடியும் கேட்கிறேன். பத்துத் தாள்களிலும் அந்தச் சொல்லைக் கோடு போட்டு நீக்குங்கள். அந்த இடத்தில் 'எங்களுக்குத் தெரியாது' என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.