எந்த மருந்து?

இரண்டு வாரத்துக்கு முன்னால், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் இறந்துபோனேன். மதியம் மூன்று மணிக்குப் பிழைத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு உளுந்த வடை.

பதற வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்து நானே பதறிவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீரம் தெரியும். பக்கத்து வீட்டு நாய்க்குக் கால்நடை டாக்டர் ஊசி போட்டபோது மயங்கி விழுந்தவன் நான். நாய்தான் முகத்தை நக்கி எழுப்பியது. அப்படிப்பட்ட ஆளைத்தான், நோயாளியாக நடிக்க வரச் சொன்னாள் என் கொழுந்தியாள் வாசுகி.

வாசுகி, சூலக்கரைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. மாணவிகளை முதல்முறையாக வார்டுக்கு அனுப்பும் முன் ஒரு ஒத்திகைத் தேர்வு வைக்கிறார்கள். பாஸானால் திங்கட்கிழமை வார்டு. ஃபெயிலானால் அடுத்த ஆறு மாதம் பொம்மையோடுதான் குடித்தனம்.

"பொம்மைதான் இருக்கே. நான் எதுக்கு?" என்றேன்.

"பொம்மை பேசாது அத்தான். நீங்க பேச்ச நிறுத்த மாட்டீக. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு நோயாளி."

ஏற்பாடு இதுதான். ஒரு கட்டிலில் பொம்மை. ஒட்டினாற்போல் இன்னொரு கட்டிலில் நான். கேள்வி, நாடி, பிரஷர் எல்லாம் எனக்கு. ஊசி மட்டும் பொம்மைக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பதற்றத்தில் ஒரு பிள்ளை ஆளை மாற்றிக் குத்திவிட்டால்? பொம்மைக்குத் தங்கராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கராசுவுக்கும் எனக்கும் வழுக்கை ஒரே அளவு. வாசலுக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்தேன். யோசனை வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் 'ஆள்' என்று எழுதி என் சட்டையில் குத்திக்கொண்டேன். இன்னொன்றில் 'பொம்மை' என்று எழுதித் தங்கராசுவுக்குக் குத்தினேன்.

வாசுகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாத்திக் குத்திட்டீகளோன்னு பாத்தேன்" என்றாள்.

என் கையில் ஒரு கார்டு கொடுத்தாள். பெயர் கருப்பசாமி. ஊர் தாயில்பட்டி. பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. வலது கையில் தீக்காயம். கடைசி வரி: 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. கேட்டால் மட்டும் சொல்லவும்.'

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம். எங்கள் பக்கம் மருந்து என்றால் மூன்று. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. பட்டாசுக்குள் அடைத்துக் கெட்டிப்பது ஒன்று. மூன்றாவது, மருமகள் சோற்றில் கலந்து மகனைக் கவிழ்த்துவிட்டதாக மாமியார்கள் சொல்வது. அந்த மூன்றாவது எனக்கு வைக்கப்பட்டதாக என் அம்மா இன்றைக்கும் நம்புகிறார். அதை விடுங்கள்.

முதல் மூன்று மாணவிகள் வந்தார்கள். "மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டார்கள். "பென்சிலின்" என்றேன். பாஸ்.

நாலாவதாக வந்தவள் முத்துச்செல்வி. நிஜமாகவே தாயில்பட்டிக்காரி. ஆனால் வெள்ளை ஏப்ரன் போட்டதும் ஊர்ப் பேச்சைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். "வணக்கம் சார். தங்களுக்கு வலி எவ்வளவு உள்ளது?" என்றாள். கையில் இருந்த ஊசித் தட்டை, தங்கராசு பக்கம் வைக்காமல், என் பக்கம் வைத்தாள்.

என் முழங்கையிலிருந்து ஊசி முனைக்கு ஒரு சாண்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு ஜோக் வரும்.

"மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா சார்?"

"பதினஞ்சு வருசமா மருந்துலதான் கெடக்கேன் தாயி. இதுவரைக்கும் ஒண்ணுஞ் செய்யல" என்றேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முறைக்குக் காத்திருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு வேறென்ன வேண்டும்? முத்துச்செல்வியும் லேசாகச் சிரித்துக்கொண்டே, 'ஒவ்வாமை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பென்சிலின் டெஸ்ட் டோஸ் எடுத்தாள். தங்கராசுவின் ரப்பர் கையில் போட்டாள்.

வாசுகி எழுந்து வந்தாள். தங்கராசு விலை குறைந்த பொம்மை, தானாகச் சாகத் தெரியாது. அதற்கென்று ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள். 'மூச்சு நின்றுவிட்டது' என்று எழுதிய அந்த அட்டையை அவன் நெஞ்சில் வைத்தாள்.

"அந்த ஒரு சொட்டே போதும் இவருக்கு" என்றாள்.

இப்படித்தான் நான் இறந்துபோனேன்.

முத்துச்செல்வி அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜன்னலோரம் போய் நின்று ஏப்ரன் நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"எங்கய்யா திங்கக்கெழம லீவு சொல்லி வச்சிருக்காரு மேடம். என்னைய வார்டு வாசல்ல கொண்டாந்து விடணும்னு."

தீபாவளி சீசன். பட்டாசு கம்பெனியில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஒரு நாள் லீவு! அந்த மனிதர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். கிடைத்தபின் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்றும் தெரியும்.

டீ, வடை இடைவேளையில் வாசுகியைத் தனியே கூப்பிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "கார்டுல இல்லாத பதில நான்தான் சொன்னேன். சும்மா ஜோக்கு. அந்தப் பிள்ளைமேல தப்பு இல்ல."

அவள் வடையைக் கடித்தபடி யோசித்தாள். "நீங்க சொன்னது ஜோக்கு இல்ல அத்தான்" என்றாள்.

"பின்ன?"

"நெசமான தாயில்பட்டிக்காரரு அதையேதான் சொல்லுவாரு. நீங்க சிரிப்புக்குச் சொன்னீக. அவரு சிரிக்காமச் சொல்லுவாரு. அப்ப இவ டிக் போட்டா என்ன செய்ய? அட்டையா வைக்க முடியும்?"

கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்தேன். ஐம்பது வயதில், என் ஜோக்கில் அர்த்தம் இருப்பதாக முதல்முறையாக ஒருவர் சொல்கிறார். அதுவும் இப்படி ஒரு அர்த்தம்.

"மூணு மணிக்கு அவளுக்கு இன்னொரு வாய்ப்பு தாரேன். வேற கார்டு. ஆனா பதில் அதே பதில்தான் சொல்லணும். கண்ணக் காட்டுனீக... அக்காட்ட சிகரெட் கதையச் சொல்லிருவேன்."

மூன்று மணி. இப்போது நான் மாடசாமி. அதே ஊர், அதே தீக்காயம். கடைசி வரி மட்டும் வேறு: 'வலிக்குப் போடும் ஊசி ஒத்துக்கொள்ளாது.' இந்த மாடசாமிக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறதா, இல்லையா என்பதே முத்துச்செல்விக்குத் தெரியாது.

முத்துச்செல்வி வந்தாள். தட்டைத் தங்கராசு பக்கம் வைத்தாள். நல்ல சகுனம்.

"மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா சார்?"

"பதினஞ்சு வருசமா மருந்துலதான் கெடக்கேன் தாயி. ஒண்ணுஞ் செய்யல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பேனா கட்டத்துக்குப் போனது. நின்றது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். 'வலி ஊசி, வலி ஊசி' என்று என் வாய்க்குள் ஒரு வண்டு சுற்றியது. வாசுகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காது மடல் சூடேறியது. பரீட்சை அவளுக்கா, எனக்கா?

பேனாவை மூடினாள். குனிந்தாள்.

"அண்ணாச்சி... நீங்க சொல்லுதது கம்பெனி மருந்து. எங்கய்யாவும் அதுலதான் கெடக்காரு. நான் கேக்கது ஆஸ்பத்திரி மருந்து. எப்பவாச்சும் ஊசி போட்டோ மாத்தர முழுங்கியோ ஒடம்பு தடிச்சிருக்கா? மூச்சு முட்டிருக்கா?"

"முட்டிருக்கு தாயி! முட்டிருக்கு!"

உலகத்தில் எந்த நோயாளியும் இதை இத்தனை சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டான்.

"எந்த ஊசிக்கு?"

"வலி ஊசி! வலி ஊசிக்குத்தான்!"

"சத்தம் போடாதீக அண்ணாச்சி. பக்கத்துல நோயாளி இருக்காக" என்று தங்கராசுவைக் காட்டினாள்.

தாளின் தலைப்பில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினாள். நான் எழுந்து கைதட்டத் தயாரானேன். படுக்கச் சொன்னாள். பிரஷர் பார்க்கவில்லையாம். பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், இறக்கினாள். நெற்றியைச் சுருக்கினாள். ஐந்து நிமிடம் பேசாமல் படுக்கச் சொன்னாள் (என் ஆயுளில் நீளமான ஐந்து நிமிடம்). இன்னொரு கையிலும் பார்த்தாள்.

"நூத்தி எழுவது, நூத்திப் பத்து" என்றாள்.

"கார்டுல நூத்தி இருவது, எம்பது போட்டிருக்கேனே. அத எழுதினாப் போதும்" என்றாள் வாசுகி.

"அது கார்டோட பிரஷர் மேடம். இது அண்ணாச்சியோடது."

வாசுகி வந்து தானே ஒரு தடவை பார்த்தாள். முத்துச்செல்வியின் தாளில் 'பாஸ்' என்று எழுதினாள். அப்புறம் என்னைப் பார்த்த பார்வையில் கொழுந்தியாள் இல்லை, நர்ஸ்தான் இருந்தாள்.

"நடிப்பு" என்றேன். "கேரக்டர்ல ஊறிட்டேன்."

"ரத்தம் நடிக்காது அத்தான். நாளைக்கு டாக்டர்ட்ட போறீக."

திங்கட்கிழமை முத்துச்செல்வி வார்டுக்குப் போனாள். அவள் அய்யா வாசல் வரைக்கும் வந்து விட்டுவிட்டு, கேட் மூடிய பிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாராம். முதலில் பாஸாகியிருந்த மூன்று பிள்ளைகளையும் வாசுகி அதே பதிலை வைத்து மறுபடி சோதித்தாளாம். அவர்கள் எனக்குக் கொடுத்த ஆசீர்வாதங்களை இங்கே அச்சேற்ற முடியாது.

எனக்கு மூன்று நாள் தொடர்ந்து பிரஷர் பார்த்தார்கள். மூன்று நாளும் என் ரத்தம் நடிக்கவில்லை. காலையில் ஒரு மாத்திரை. உப்பில் கைவைக்கக் கூடாது. இன்னும் சில கூடாதுகள்.

நேற்று என் மிளகாய் வத்தல் மண்டிக்குத் தாயில்பட்டிக்காரர் ஒருவர் வந்தார். "நல்லாருக்கீகளா அண்ணாச்சி?" என்றார்.

"எங்க... இப்ப நானும் மருந்துலதான் இருக்கேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா? பாத்து அண்ணாச்சி, ஒரு பொறி போதும். பீடி சிகரெட் பக்கமே போயிராதீக" என்றார்.

டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்.