மூன்று மணி நேரம் என்று சொன்னேன்

மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நான் சொன்னால், என் கணவர் அதை ஆறு மணி நேரம் என்று எடுத்துக்கொள்வார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பைக் சாவியை எடுத்துக்கொண்டு, “அப்ப சந்தைக்குப் போயிட்டு, சாப்ட்டே வந்துடலாம்” என்பார். அதற்கே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

என் பைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் மென்பொருளைத் தயாராக இறக்கிப் போட்டுக்கொள்கிறது. நான் ரெடிமேட் வாங்காமல் துணி எடுத்துத் தைத்துப் போடுகிற ரகம். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் மூல நிரலை இறக்கி, அதை ஓடுகிற மென்பொருளாக என் லேப்டாப்பிலேயே பில்ட் செய்துதான் ஓட்டுவேன். சின்னதென்றால் இரண்டு நிமிடம். பிரவுசர் மாதிரிப் பெரியது பாதி நாளை விழுங்கும். அதுவரை லேப்டாப் கொதிக்கும், வேறு எதற்கும் உதவாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதில் எனக்கு ஒரு வீம்பு. பழைய பில்டுகளின் பதிவைப் பார்த்துச் சராசரி சொல்லும் நிரல் ஒன்று உண்டு. அது சொல்வதையும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வேன். ஆசைதான், வேறென்ன.

அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஒரு வேலை நாலேகாலுக்கு முடியும் என்றால் நாலேகாலுக்கு முடியும். “நீ செட்டிங் டைமைச் சேக்கிறதே இல்ல” என்பார். “மெஷின்ல ஜாப்பை மாட்டறதுக்கே அரை மணி ஆவுது. நீ ஓடற நேரத்தை மட்டும் சொல்றே.” உண்மைதான். பிரவுசருக்கு முன்னால் அதற்கு வேண்டிய பத்துப் பதினைந்து சில்லறைச் சாமான்கள் பில்ட் ஆக வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு மறந்துவிடும்.

பட்டறைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. வெள்ளி மதியத்துக்கு மேல் யாரும் தேட மாட்டார்கள். அதனால் பிரவுசருக்கு வெள்ளி என்று ஆனது. அஸ்தினாபுரம் மாடி வீட்டில் லேப்டாப்பை ஓடவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போவோம். நான் பழைய சார்ஜர் குவியலைக் கிளறுவேன், அவர் துருப்பிடித்த ஸ்பானர்களைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஒருமுறை லேப்டாப்புக்குக் காற்று வீச ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கினோம். அதன் கூண்டை அவர்தான் கம்பி வைத்துக் கட்டினார்.

திரும்பி வந்து படியேறும்போதே, “இன்னா, வெந்துச்சா?” என்பார். வெந்திருக்காது. மொட்டை மாடியில் உட்கார்ந்து, இறங்குகிற விமானங்களைப் பார்த்தபடி மிச்ச நேரத்தைப் பேசியே தீர்ப்போம். என் தப்புக் கணக்கால் கிடைத்த நேரம் அது. அப்போது எனக்குத் தோற்றுப்போன எரிச்சல்தான் இருந்தது. இப்போது அந்த எரிச்சல்கூட வேண்டியிருக்கிறது.

பட்டறைக்கு ஆர்டர் குறைந்தது. மஸ்கட்டில் லேத் வேலை கிடைத்தது. “ரெண்டு வருஷம். கரெக்டா ரெண்டு வருஷம்” என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் நான் ஒரு மாதம்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை. மாற்றாள் வரட்டும், மாற்றாள் வரட்டும் என்று அங்கே நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூன்றாவது வருடமும் முடியப் போகிறது. “ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?” என்கிறார் கீழ் வீட்டு அக்கா. எனக்குப் பொறுக்கவில்லை.

இடையில் புது கம்ப்யூட்டர் வாங்கினேன். பழைய லேப்டாப்பின் பில்ட் பதிவை அப்படியே இதற்குக் கொண்டுவந்துவிட்டேன். அதனால் அந்த நிரல் இன்னும் பிரவுசருக்கு ஆறு மணி பத்து நிமிடம் என்கிறது. வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பழைய பதிவை அழித்தால் கணக்கு சரியாகிவிடும். அழிக்கவில்லை, புது நேரங்களையும் அதில் ஏறவிடுவதில்லை. முப்பத்தைந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் வருவது, யாரோடு?

அங்கேயும் வெள்ளிதான் விடுமுறை. போன வெள்ளி வீடியோ காலில் வந்தார். பிரவுசர் போட்டிருந்தேன் என்று சொன்னேன்.

“இன்னா, வெந்துச்சா?”

“எப்பவோ ஆயிடுச்சுங்க. இப்பல்லாம் உட்காரக்கூட நேரம் இல்ல, முடிஞ்சுடுது.”

கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். “எப்பங்க வர்றீங்க?”

நேரம் சொல்லத் தயங்கி அவரை நான் பார்த்ததே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் கணக்குல சொல்லத் தெரியலம்மா” என்றார். “உன் கணக்குல மூணு மாசம்.”

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். என் கணக்கின் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் காலண்டரில் மூன்று மாதம் தள்ளி வருகிற முதல் வெள்ளியைச் சுழித்து வைத்திருக்கிறேன். செட்டிங் டைம் சேர்க்கவில்லை.